பயன் என்னும் அளவுகோல்

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஓதிக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலத்தில், ஒரு தகப்பனார் தம் மகனைக் கைப்பிடித்து எங்கள் மத்ரஸாவுக்கு அழைத்து வந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். பிறவியிலேயே பார்வையில்லை. குர்ஆனில் பத்து ஜுஸ்உகளை அதற்குள் மனனம் செய்திருந்தான். "ஹஜ்ரத், இவன் நஹ்வும் ஸர்ஃபும் ஓத ஆசைப்படுகிறான், ஆலிமாக வேண்டும் என்கிறான்" என்றார் தகப்பனார்.

நிர்வாகத்தார் கூடிப் பேசினார்கள். கிதாபு வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள்; ஒருவனுக்காக ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிக் கொண்டிருந்தால் நாற்பது பேரின் பாடமும் பின்தங்கும்; ஹிஃப்ழு வகுப்பில் வேண்டுமானால் இருக்கட்டும், கிதாபு வேண்டாம் என்று முடிவாயிற்று. என் கருத்தையும் கேட்டார்கள். நாற்பதை ஒரு தட்டிலும் ஒன்றை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, நானும் அதுவே சரி என்றேன். இரக்கமில்லாமல் சொல்லவில்லை. நீதியென்று நம்பியே சொன்னேன்.

அந்த நிறுவைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

மேலைநாட்டில் அதற்கு ஒரு தத்துவமாக உருக்கொடுத்தவர் ஜெரமி பெந்தம் என்னும் ஆங்கிலேயர் (1748–1832). ஒரு செயல் நல்லதா தீயதா என்பதை அதனால் விளையும் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்தே அறிய வேண்டும். மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே அறம் என்பது அவர் கொள்கை. 1789இல் வெளியான அவரது நூல் இதனை விரிவாக நிறுவிற்று. பயன்பாட்டுவாதம் என்று அதனைத் தமிழில் வழங்குகிறார்கள். இக்கொள்கையை இகழ்ந்து ஒதுக்குவது நேர்மையாகாது. ஒரு பிரபுவின் விருப்பம் ஆயிரம் ஏழைகளின் பசியைவிடக் கனமானதாக எண்ணப்பட்ட காலத்தில், ஒவ்வொரு மனிதனும் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும், எவனும் ஒன்றுக்கு மேற்பட்டவனல்லன் என்று சொல்ல வந்த கொள்கை அது. சிறைச் சீர்திருத்தத்திற்கும் சட்டச் சீர்திருத்தத்திற்கும் அது ஆற்றிய தொண்டு பெரிது.

ஆனால் எண்ணிக் கூட்டும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அதை மிகத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் நம் நாட்டுப் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென். 1973இல் வெளியான தம் நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். இருவர் இருக்கிறார்கள். ஒருவர் உடற்குறையுடையவர். ஒரே அளவு செல்வத்தால் மற்றவர் அடையும் இன்பத்தில் பாதியையே இவரால் அடைய முடிகிறது. இருவருக்கும் பொருளைப் பங்கிட வேண்டும். மொத்த இன்பத்தைப் பெருக்குவதே நோக்கம் என்றால் யாருக்கு அதிகம் கொடுக்க வேண்டும்? குறையற்றவருக்கே! அவரிடம் போகும் பணந்தான் மிகுதியான இன்பத்தை விளைவிக்கும். ஏற்கனவே குறையோடு இருப்பவர் பங்கிலும் குறைந்து போவார். சாதாரண மனித அறிவு எதைத் தலைகீழ் என்று சொல்லுமோ, அதையே அக்கணக்கு நேர் என்று சொல்கிறது. வகுப்பறையில் பணத்துக்குப் பதிலாக ஆசிரியரின் நேரத்தை வைத்துப் பாருங்கள்; எங்கள் நிர்வாகக் கூட்டம் அப்படியே கண்முன் வந்து நிற்கும்.

பெந்தம் உடற்குறையுடையோரை மறந்தவரல்லர். 1797, 1798 ஆண்டுகளில் அவர் ஏழைகளைப் பேணுவதற்கென ஒரு பெருந்திட்டம் எழுதினார். நாடெங்கும் 250 உழைப்பு இல்லங்கள். இல்லத்துக்கு 2000 பேர். அனைத்தையும் ஒரு வணிக நிறுவனம் நடத்தும். எவ்வித வேலைக்கும் முற்றிலும் ஆகாதவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்று அதில் வாதிடுகிறார். பார்வையில்லாதவன் நூல் பின்னலாம். படுக்கையில் கிடப்பவனும் கண்ணால் மேற்பார்வை செய்யலாம். ஒரு விரலசைவையும் ஆதாயமாக்காமல் விடலாகாது என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு இரண்டு உணர்வுகள் ஒருங்கே தோன்றின. 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்று உலகம் தள்ளியவனை 'உதவுவான்' என்று அவர் சொல்வதில் ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த விரல் யாருடைய விரல், அது எதைத் தொட விரும்புகிறது என்று அவர் கேட்கவேயில்லை என்பது மற்றொன்று.

இந்த இரண்டும் எவ்வாறு ஒரே கட்டடத்துக்குள் மோதிக் கொண்டன என்பதைக் காணப் பாரிஸ் நகருக்குச் செல்ல வேண்டும்.

அந்நகரில் 'பதினைந்து இருபதுகள்' என்று பொருள்படும் 'கேன்ஸ் வேன்' என்னும் விடுதி ஒன்று உண்டு. பதினைந்து இருபது முந்நூறு. முந்நூறு பார்வையற்றவர்களுக்கென்று ஒன்பதாம் லூயி மன்னர் 1260ஆம் ஆண்டையொட்டி அதை நிறுவினார். சிலுவைப் போரில் முஸ்லிம்கள் முந்நூறு வீரர்களின் கண்களைப் பிடுங்கி அனுப்பியதாகவும், அவர்களுக்காகவே மன்னர் விடுதி கட்டியதாகவும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது. அது பிற்காலத்தார் கட்டிய கதை என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களே தள்ளிவிட்டார்கள். பாரிஸ் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்த ஏழைகளுக்காகக் கட்டப்பட்டதே அவ்விடுதி. நம்மவர் மீது சுமத்தப்பட்ட பழி ஆதலால் இதைச் சொல்லிச் செல்கிறேன்.

1771இல் பாரிஸ் சந்தையொன்றில் வாலந்தேன் ஆயுய் என்பவர் ஒரு காட்சியைக் கண்டார். பார்வையற்ற சிலருக்குக் கோமாளி உடையும் காகிதக் கண்ணாடியும் அணிவித்து, கையில் வாத்தியங்களைக் கொடுத்து, முன்னால் இசைத்தாள்களை விரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் தாறுமாறாக வாசிக்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆயுய் சிரிக்கவில்லை. 1784இல் தேவாலய வாசலில் பிச்சையெடுத்துக் கொண்டிருந்த பிரான்சுவா லெசுவர் என்னும் இளைஞனைத் தம் முதல் மாணவனாக்கினார். பாடத்துக்கு வந்தால் பிச்சை வருமானம் போய்விடுமே என்று அவன் தயங்கியதால், அந்தத் தொகையைத் தாமே கொடுத்து வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டு பள்ளி உருவாயிற்று. உலகிலேயே பார்வையற்றோர்க்கென எழுந்த முதற்பள்ளி அதுவென்பர். தடித்த தாளில் பிரெஞ்சு எழுத்துகளை மேலெழும்பும்படி அழுத்தி, விரலால் தடவிப் படிக்கச் செய்தார் ஆயுய். 1786இல் அவர் எழுதிய கல்வி நூலை அந்தப் பிள்ளைகளே அச்சிட்டார்கள்.

ஆனால் பள்ளிக்குப் பணம் வேண்டும். செல்வர்களிடமும் அரசிடமும் ஆயுய் என்ன சொல்லிக் கேட்டார்? இவர்கள் கைத்தொழில் கற்பார்கள். நூற்பார்கள், பின்னுவார்கள், அச்சுக் கோப்பார்கள். சமுதாயத்துக்குச் சுமையாக இருந்தவர்கள் பயன் தருபவர்களாவார்கள் என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அக்காலத்துப் பிரபுக்கள் பையைத் திறந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மையே. புரட்சி வந்தது, பள்ளியை அரசு ஏற்றது. 1795ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் சூட்டிய பெயர் 'பார்வையற்ற தொழிலாளர் தேசிய நிறுவனம்'. மாணவர் என்ற சொல் பெயரிலிருந்தே மறைந்துவிட்டது.

பயனைச் சொல்லித் திறந்த கதவு பயனைச் சொல்லியே மூடப்பட்டது. 1801இல் நெப்போலியனின் ஆட்சி கணக்குப் பார்த்தது. பார்வையற்றோருக்கு நகரில் இரண்டு நிறுவனங்கள் எதற்கு? உள்துறை அமைச்சர் ஷப்தால் காலத்தில் பள்ளி அந்தப் பழைய விடுதியோடு இணைக்கப்பட்டது. பிள்ளைகள் முதியவர்களோடு தங்க வைக்கப்பட்டார்கள். நாளின் பெரும்பகுதி கம்பளித் தொழிற்கூடத்தில் கழிந்தது. படிப்பு ஓரத்துக்குப் போயிற்று. மறு ஆண்டே ஆயுய் வெளியேற்றப்பட்டார். அரசு சொன்ன காரணத்தை மறுக்க அவரிடம் சொல் ஏது? தொழிலாளர்களாக்குவேன் என்று அவர் வாக்களித்திருந்தார். அரசு அவர்களைத் தொழிலாளர்களாக்கிக் கொண்டது, அவ்வளவே. மன்னராட்சி மீண்டபின் 1816இல்தான் பள்ளி தனிக் கட்டடத்துக்குத் திரும்பிற்று. பதினைந்து ஆண்டுகள்! ஒரு பிள்ளையின் கல்விப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்தப் புதிய கட்டடமும் ஈரம் பாய்ந்த, நலங்கெட்ட பழங்கட்டடமே. 1819இல் பத்து வயதுச் சிறுவனாக லூயி பிரெயில் அங்கே வந்து சேர்ந்தார். அவர் தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பாய்ந்ததால் பார்வை போயிற்று. பள்ளியில் இருந்தவை ஆயுய் முறையில் அச்சிட்ட மிகச் சில நூல்கள். ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். ஓர் எழுத்தை விரலால் சுற்றித் தடவி உணர்ந்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதலெழுத்து மறந்து போகும். படிக்கலாம், ஆனால் தாமாக எழுத முடியாது. ஏன் அந்த முறை நீடித்தது? பார்வையுள்ள ஆசிரியர் எளிதாகப் படித்துவிடலாம். பொதுக்காட்சிக்கு வரும் செல்வர்கள் கண்டு வியக்கலாம். எழுத்து விரலுக்காக அமைக்கப்படவில்லை. கண்ணுக்காக அமைக்கப்பட்டு, விரலிடம் ஒப்படைக்கப்பட்டது.

1821இல் ஷார்ல் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகளால் ஆன ஒலிக்குறி முறையொன்றைப் பள்ளிக்குக் காட்டினார். விரல் கோட்டைவிடப் புள்ளியை விரைந்து அறிகிறது என்பதைப் பிரெயில் தம் விரலாலேயே கண்டார். பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை; ஆறாகக் குறைத்தார். 1824இல், பதினைந்து வயதில், முறை உருவாகிவிட்டது. 1829இல் அச்சில் வந்தது. ஆணி போன்ற சிறு கருவியும் சட்டமும் இருந்தால் மாணவன் தானே எழுதலாம், எழுதியதைத் தானே படிக்கலாம்.

இங்கே நம் மரபிலிருந்து ஒரு பெயரை நினைவு கூர்வது பொருத்தம். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸலாஹுத்தீன் ஸஃபதீ, பார்வையற்ற பெருமக்களின் வரலாறுகளை மட்டுமே தொகுத்து 'நக்துல் ஹிம்யான்' என்னும் நூலை எழுதினார். அதில் பக்தாதைச் சேர்ந்த ஸைனுத்தீன் ஆமிதீ என்னும் ஹன்பலீ அறிஞரைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அவர் கிதாபு வணிகமும் செய்தவர். ஒரு நூலை வாங்கியவுடன் மெல்லிய காகிதத்தைத் திரித்து, விலையைக் குறிக்கும் எழுத்துகளின் வடிவில் வளைத்து, நூலின் அட்டையில் ஒட்டி, அது பெயராதபடி மேலே இன்னொரு காகிதத்தையும் ஒட்டிவிடுவார். பிறகு தடவிப் பார்த்தே விலையைச் சொல்வார். பிரெயிலுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் அம்முறையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இதை வைத்துச் சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. அவர் செய்தது விலைக்குறி. நூல் படிக்கும் எழுத்து முறையன்று. அவருக்குப் பின் அதை எவரும் வளர்க்கவுமில்லை. பார்வையற்ற ஒருவரை எதற்கும் தகுதியற்றவர் என்று எண்ணாத ஒரு சமுதாயம் பக்தாதில் இருந்தது என்பதும், தமக்கு வேண்டியதை அவர் தம் விரலைக் கேட்டே செய்து கொண்டார் என்பதும் போதுமான பெருமை. 

பிரெயில் முறைக்கு அவருடைய பள்ளியே பகையாயிற்று. 1840இல் துபோ என்பவர் இயக்குநரானார். பார்வையுள்ளவர் படிக்க முடியாத எழுத்தைக் கற்பித்தால், பார்வையற்றோர் சமுதாயத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமாகிவிடுவார்கள் என்பது அக்காலத்தில் புள்ளியெழுத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதம். துபோ அதைத் தடுத்தார். அதையும் பொதுநன்மை என்ற பெயரிலேதான் சொன்னார்கள். மாணவர்கள் மறைவாக எழுதிப் பழகினார்கள். 1844 பிப்ரவரியில் புதிய கட்டடத் திறப்பு விழாவில், துணைவர் கதேயின் முயற்சியால், அந்த எழுத்து எல்லார் முன்னிலையிலும் காட்டப்பட்டது, துபோவும் இணங்கினார். காசநோயால் நலிந்த பிரெயில் 1852 ஜனவரியில் காலமானார். பிரான்சு அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல்.

செவிப்புலனற்றோர் கதை இதைவிடக் கசப்பானது. 1880இல் மிலான் நகரில் அவர்தம் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் 164 பேர். அவருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. சைகை மொழியை வகுப்பறையிலிருந்து விலக்கி, வாய்ப்பேச்சாலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பேசும் பெரும்பான்மையோடு அவர்கள் கலந்து வாழ்வதற்காம். பல நாடுகளில் தலைமுறைகள் அத்தீர்மானத்தின் கீழ் படித்தன.

சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் இதே நிறுவையைக் கையில் எடுத்த காலம் பின்னர் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்பது ஒரு சிற்றூர். அங்கே பிறவியிலேயே பக்கவாதக் குறையுடைய பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஐந்தாம் வகுப்பு வரை பொதுப்பள்ளியில் படித்து வந்தான். அறிவில் குறையில்லை, மற்றவர்களுக்கு ஈடாகவே படித்தான். பேச்சு தடைப்படும், முகம் கோணும், வாயில் எச்சில் வடியும். அவனைக் காண்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மனச்சோர்வும் அருவருப்பும் தருகிறது, ஆசிரியரின் நேரத்தில் அளவுக்கு மீறிய பங்கை அவன் எடுத்துக் கொள்கிறான் என்று சொல்லிப் பள்ளிக் குழு அவனை நீக்கியது. 1919இல் மாநில உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவதால் பள்ளியின் பொதுநலத்துக்குக் கேடு வருமானால், அப்பிள்ளை தன் உரிமையை வற்புறுத்த இயலாது என்பது அதன் சாரம். நாற்பதும் ஒன்றும்! அவர்களும் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நான் அந்த நாற்காலியில் அமர்ந்தவன்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வாஷிங்டன் நகரில் வேறொரு தீர்ப்பு வந்தது. பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட ஏழு பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட மில்ஸ் வழக்கு அது. அந்நகரக் கல்விக் குழுவின் சொந்த மதிப்பீட்டின்படியே 1971–72 கல்வியாண்டில் குறையுடைய 12,340 பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்கப் போவதில்லை. குழு சொன்ன காரணம்: பணமில்லை. ஒருவருக்கு இவ்வளவு செலவிட்டால் மற்றவர்களின் பங்கு குறையும். 1972 ஆகஸ்டில் நீதிபதி ஜோசப் வாடி இதற்கு அளித்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பணம் போதவில்லையென்றால், இருக்கும் பணத்தை எந்தப் பிள்ளையும் முற்றிலும் விலக்கப்படாதவாறு பகிர்ந்து செலவிடுங்கள். பற்றாக்குறையின் சுமை குறையுடைய பிள்ளையின் தலையில் மட்டும் அதிகமாக விழக்கூடாது என்றார். பற்றாக்குறை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதிலும் எல்லார்க்கும் பங்குண்டு என்றார். வறுமையிலும் பாகப்பிரிவினை உண்டென்பது ஃபராயிள் படித்த நமக்குப் புதிதல்லவே!

1975 நவம்பரில் அமெரிக்க அரசு இதற்கென ஒரு சட்டமே இயற்றியது. நாட்டில் குறையுடைய பிள்ளைகள் எண்பது இலட்சத்துக்கு மேல், அவர்களுள் பத்து இலட்சம் பேர் பள்ளியமைப்புக்கே வெளியே என்று அச்சட்டம் தன் முகப்பில் ஒப்புக் கொண்டது. குறையுடைய பிள்ளை ஒவ்வொருவருக்கும், ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை மைய அரசு ஏற்கும் என்று வகுத்தார்கள். அந்த நாற்பதை அது ஒருபோதும் முழுமையாகக் கொடுத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனை தூரம் சுற்றி வருவானேன், வீட்டிலேயே விளக்கு இருந்ததே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மக்கா நகரின் குறைஷித் தலைவர்கள் சிலரோடு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்த நேரம். அத்தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் ஊரே பின்தொடரும் என்ற நிலை. அப்போது பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து, தமக்குக் கற்றுத் தருமாறு கேட்டார்கள். பலரை முன்னிட்டு ஒருவரிடமிருந்து முகம் திரும்பியது. அதை உணர்த்தி இறங்கியதே 'அபஸ' அத்தியாயம். கற்க விரும்பி ஓடி வந்தவர் ஒருவராயினும் அவரே முதல்வர் என்று அந்த நிறுவை திருத்தப்பட்டது. பின்னாளில் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பும், நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் நகரைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பும் அப்பெருமகனாருக்குக் கிடைத்தன. அந்தத் தகப்பனாரைத் திருப்பியனுப்பிய அதே ஆண்டில் நான் இந்த அத்தியாயத்தின் தஃப்ஸீரைப் பாடம் நடத்தினேன். இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் 2009இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2012இல் அதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள். குறையுடைய பிள்ளைகளையும் நலிந்த பிரிவினருள் சேர்த்து அவர்களுடைய உரிமையை வலுப்படுத்தியது அத்திருத்தம். மத்ரஸாக்களுக்கும் வேதபாடசாலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்ததும் அதே திருத்தந்தான். நம் வாசலில் வந்து நிற்கும் பிள்ளையின் பொருட்டு அச்சட்டத்தைக் காட்டி நம்மைக் கேட்பார் எவருமில்லை. புள்ளியெழுத்தில் முழுக் குர்ஆனும் இன்று கிடைக்கிறது. அரபு புள்ளியெழுத்து இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவது என்பதைக்கூட நம் உஸ்தாதுகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அந்தப் பையனைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகாஹ் மஜ்லிஸில் மீண்டும் கண்டேன். நடுவயது மனிதராகியிருந்தார். குர்ஆன் முழுவதும் மனனம். ஒரு சிறு பள்ளிவாசலில் இமாமாக இருக்கிறார். என் குரலைக் கொண்டே என்னை அடையாளம் கண்டு கொண்டார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. "ஹஜ்ரத், ஒரு சந்தேகம், நெடுநாளாக இருக்கிறது" என்றார். தாம் நாள்தோறும் ஓதும் ஓர் ஆயத்தைச் சொல்லி, அதில் ஒரு சொல்லின் கடைசியில் பேஷ் வராமல் ஜபர் ஏன் வருகிறது என்று கேட்டார். நஹ்வின் முதற்கிதாபில் உள்ள பாடம் அது. பந்தியில் இலை போட்டு முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.